நான்கு தடங்கள், மூன்று ஓட்டுநர்கள்: ஒரு மாதிரி ரயில் லேஅவுட்டுக்குத் தொலைக்கட்டளை வந்த விதம்

இந்த லேஅவுட், அதாவது தண்டவாளமும் மலையும் அமைத்த மாதிரி ரயில் மேசை, என் சித்தப்பாவுடையது. எச்ஓ அளவு, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. இரண்டு கம்பிகளுக்கு நடுவே 16.5 மி.மீ. நாலரை மீட்டருக்கு மூன்று மீட்டர் அறையில் சுவரை ஒட்டி ஓடும் மேசையில் நான்கு தடங்கள் இருக்கின்றன. வெளிச்சுற்றும் உட்சுற்றும் மெயின் லைன். உட்சுற்றிலிருந்து பிரிந்து மலையேறுவது கிளைப்பாதை. நான்காவது, வண்டிகளை நிறுத்தி வைக்கும் ஐந்து பக்கத்தடங்கள் (சைடிங்) கொண்ட யார்டு; அதன் கடைசியில் வண்டி திரும்பி வர ஒரு வளையம். வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்ட் 14, ஓடும் நிலையில் எஞ்சின் 11. தண்டவாளத்தை நீட்டிப் போட்டால் 46 மீட்டர் வரும்.

இத்தனையும் பழைய டிசி முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முறையில் தண்டவாளத்தில் இருக்கும் வோல்டேஜ்தான் வேகம், பாசிட்டிவ் நெகட்டிவ் மாறினால் திசை மாறும். ஒரே தடத்தில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். அதனால் தடங்களைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் எந்தக் கன்ட்ரோலருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க 18 டாகிள் ஸ்விட்ச் வைத்திருந்தார். வெளிச்சுற்றிலிருந்து ஒரு சரக்கு வண்டியை யார்டுக்குக் கொண்டுவர நான்கு ஸ்விட்ச்சை வரிசை மாறாமல் தட்ட வேண்டும். வரிசை மாறினால் வண்டி நடுவழியில் நிற்கும், அல்லது எதிர்த்திசையில் கிளம்பும்.

அவருக்கு அது பழகிவிட்டது. அவர் வருத்தம் வேறு. "வண்டி மலைக்கு அந்தப் பக்கம் போயிடுது. நான் இங்கேயே பேனலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அது கூடவே நடந்து போகணும்டா, அவ்வளவுதான்" என்றார். இந்த ஒரு வாக்கியம்தான் எங்களுக்குத் திட்ட அறிக்கை. இதிலிருந்து மற்றவற்றை எழுதிக்கொண்டோம்: சித்தப்பா, நான், அக்கா மகள் மூவரும் ஒரே நேரத்தில் எந்தத் தடத்திலும் வண்டி ஓட்ட வேண்டும், கையில் இருப்பதற்கு வயர் இருக்கக் கூடாது, ஒரு தடத்தில் ஷார்ட் ஆனால் மற்ற மூன்றும் ஓட வேண்டும், நிறுத்து என்றால் நிற்க வேண்டும். கடைசி நிபந்தனையை எழுதும்போது அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தோம். அதிக உழைப்பை வாங்கியது அதுதான்.

எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன்

ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் யோசனை பழையது. 1960களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஐந்து சேனல் கொண்ட ஆஸ்ட்ராக் முறையைக் கொண்டுவந்தது. 1979-ல் ஹார்ன்பியின் ஜீரோ 1 பதினாறு எஞ்சின்கள் வரை தனித்தனியே ஓட்டியது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பாஷை பேசியதால், ஒன்றை வாங்கியவர் கடைசிவரை அதோடே இருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990களில் டிசிசி என்ற பொதுத் தரத்தை வெளியிட்ட பிறகுதான் ஒருவர் செய்த டீகோடர் (எஞ்சினுக்குள் இருந்து கட்டளையைப் படிக்கும் சின்னப் பலகை) இன்னொருவர் செய்த கட்டளை நிலையத்தின் (கட்டளைகளை அனுப்பும் பெட்டி) பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. 11 எஞ்சினும் ஏழெட்டு இடங்களிலிருந்து வந்தவை என்பதால் எங்களுக்கு இந்தப் பொதுத்தன்மை முக்கியமாக இருந்தது.

எஞ்சினுக்குள்ளேயே பேட்டரியும் ரேடியோவும் வைத்துவிட்டால் தண்டவாளத்தில் மின்சாரமே வேண்டாம் என்ற வழியையும் பார்த்தோம். பெரிய அளவு வண்டிகளுக்கு அது அருமையான வழி. எச்ஓ-வில் எங்கள் சின்ன ஷன்டிங் எஞ்சினின் வயிற்றில் டீகோடருக்கே இடம் தேட வேண்டியிருக்கிறது, பேட்டரியை எங்கே வைப்பது? விட்டுவிட்டோம்.

கட்டளை நிலையத்துக்கு டிசிசி-ஈஎக்ஸ் என்ற திறந்த மென்பொருளை எடுத்தோம். ஆர்டுயினோ மெகா பலகை, அதன்மேல் ஒரு சேனலுக்கு 5 ஆம்பியர் கொடுக்கும் மோட்டார் பலகை, ஒரு வைஃபை பலகை. ஒரு சேனல் லேஅவுட்டுக்கு, இன்னொன்று டீகோடருக்கு எண் எழுதும் தனித் தண்டவாளத்துக்கு. டீகோடர் அமைப்புகளை மடிக்கணினியில் ஜேஎம்ஆர்ஐ என்ற திறந்த மென்பொருள் வழியாக எழுதினோம். அந்த மென்பொருள் தொடர்பான ஒரு வழக்கில்தான் 2008-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், திறந்த மூல உரிமத்தின் நிபந்தனைகளைக் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வலியுறுத்தலாம் என்று தீர்ப்பு சொன்னது. பொம்மை ரயில் என்று பிறர் சொல்லும் பொழுதுபோக்கிலிருந்து மென்பொருள் உலகம் முழுவதற்கும் ஒரு முன்மாதிரி கிடைத்தது எனக்கு எப்போதுமே பெருமையாக இருக்கும்.

கட்டளை எந்த வழியாகப் போகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. கையில் இருக்கும் போன் எஞ்சினோடு பேசுவதில்லை. போன் நிலையத்தோடு பேசுகிறது. அங்கிருந்து எஞ்சின் வரைக்கும் கட்டளை தண்டவாளம் வழியாகவே போகிறது, மின்சாரம் போகும் அதே இரண்டு கம்பியில்.

தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும், எங்களுடையதில் 14.6. அது நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது 1. சுமார் 100 மைக்ரோ விநாடி அல்லது அதற்கு மேல் நீடித்தால் 0. இந்த நீளக் குட்டையை வைத்துத்தான் டீகோடர் படிக்கிறது. எண் 3 கொண்ட எஞ்சினை முன்னோக்கி, வேக எண் 20-ல் போகச் சொல்ல வேண்டும் என்றால், முதலில் குறைந்தது 14 தடவை 1 வரும்; இது கவனி என்று சொல்வது. அப்புறம் 3. அப்புறம் 63, 128 படி வேகக் கட்டளை என்பதற்கான எண். அப்புறம் 148, இதில் 128 என்பது முன்னோக்கிய திசை, மீதி 20 வேகம். கடைசியில் 168. முந்தைய மூன்று எண்களையும் எக்ஸ்ஓஆர் என்ற இருமக் கணக்கில் சேர்த்தால் வருவது இந்த 168. டீகோடர் தானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒத்துவரவில்லை என்றால் அந்தக் கட்டளையை அப்படியே தள்ளிவிடும்.

பாக்கெட் எனப்படும் இந்த முழுக் கட்டளைத் தொகுப்புக்கும் ஏறக்குறைய 8 மில்லி விநாடி ஆகிறது. நிலையம் ஓடும் எஞ்சின்களுக்கு இவற்றை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்று தவறினாலும் அடுத்தது வந்துவிடும். எதுவுமே ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நாங்கள் நேரில் பார்த்தோம்.

முதல் ஓட்டமும் நிற்காத எஞ்சினும்

டிசிசிக்கு இரண்டே வயர் போதும் என்று பலரும் சொல்வார்கள். நாங்களும் அதை நம்பி, பழைய டாகிள் ஸ்விட்ச்களை எல்லாம் ஒரே பக்கம் தள்ளிவிட்டு, பழைய வயரிங்கிலேயே புது நிலையத்தைக் கொடுத்தோம். ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் மட்டும் ஃபீடர், அதாவது தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் வயர், இருந்தது. வைஃபையும் போனும் அரை நாளில் தயாராகிவிட்டன. மூன்று பேரும் மூன்று வண்டியைக் கிளப்பினோம். சித்தப்பா தன் பயணிகள் வண்டியோடு மலையைச் சுற்றி நடந்து போனார். அந்த முதல் பத்து நிமிடம் அவர் எங்களிடம் பேசவே இல்லை.

அப்புறம் அக்கா மகளின் சரக்கு வண்டி, எதிராகத் திருப்பியிருந்த ஒரு பாயிண்ட்டுக்குள் ஏறியது. ஷார்ட். லேஅவுட் முழுக்க நின்றது. அவள் பெட்டியைத் தூக்கினாள். மின்சாரம் திரும்பி வந்தது. அந்த நொடியில் வெளிச்சுற்றின் கடைசி மூலையில் இருந்த என் 2207 எண் டீசல் எஞ்சின், நான் எதுவும் தொடாமலே முழு வேகத்தில் பாய்ந்தது. நிறுத்து என்று மூன்று முறை அழுத்தினேன். வளைவில் கவிழ்ந்துதான் நின்றது. மேசை விளிம்பில் சித்தப்பா முன்யோசனையாக வைத்திருந்த தடுப்புப் பலகை இல்லையென்றால் தரைக்குப் போயிருக்கும்.

மூவரும் ஒரே குரலில் வைஃபையைத்தான் சொன்னோம். புதிதாக வந்தது அதுதானே. ஆனால் நிலையத்தின் பதிவைத் திறந்து பார்த்தபோது, நான் அழுத்திய மூன்று நிறுத்தமும் வந்து சேர்ந்திருந்தன. போன் தன் வேலையைச் செய்துவிட்டது. நிலையமும் தன் வேலையைச் செய்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகு.

அடுத்து நாணயச் சோதனை. டிசிசி வைத்திருக்கும் எல்லோரும் செய்ய வேண்டியது இது: இரண்டு கம்பிக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்தால் நிலையம் உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும். 12 இடத்தில் வைத்துப் பார்த்தோம். ஐந்து இடத்தில் வெட்டவில்லை. நாணயம் சூடாகிக்கொண்டே இருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

காரணத்தை அளக்கக் காரின் பிரேக் பல்பு ஒன்றைப் பயன்படுத்தினோம்: 12 வோல்ட், 21 வாட். ஓடும் இரண்டு மூன்று எஞ்சினுக்குச் சமமான சுமையை அது ஒன்றே கொடுக்கும். நிலையத்தின் பக்கத்தில் பல்பை வைத்தால் தண்டவாளத்தில் 14.6 வோல்ட் இருந்தது. கடைசி மூலையில் அதே பல்பு 1.6 ஆம்பியர் இழுக்கும்போது 9.8 வோல்ட்தான் இருந்தது. 4.8 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது என்றால், வழியில் 3 ஓம் தடை இருக்கிறது என்று பொருள். இப்போது நாணயத்துக்கு வருவோம். 14.6-ஐ 3-ஆல் வகுத்தால் 4.9 ஆம்பியர். நிலையம் வெட்டும் அளவு 5. அதனால் அது இதை ஷார்ட் என்றே நினைக்கவில்லை. நிறைய எஞ்சின் ஓடுகிறது என்று நினைத்து, 70 வாட்டுக்கு மேல் அந்த மூட்டுகளுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒரு சால்டரிங் அயர்னைவிட அதிகமான சூடு, தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பருக்குப் பக்கத்தில்.

அந்த 3 ஓம் எங்கே இருந்தது? பெரும்பாலும் தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர்களில். பல வருடம் பெயின்டும் பசையும் தூசியும் போய்ப் படிந்த ஜாயினர்கள். இயந்திர ரீதியில் இறுக்கமாக இருந்தன, மின்சாரத்துக்குப் பாதி மூடிய கதவாக இருந்தன. டிசியில் இது வண்டி அங்கே கொஞ்சம் மெதுவாகப் போகும் என்ற அளவில் தெரிந்தது. சித்தப்பா கைப்பிடியைச் சற்று கூட்டிக்கொள்வார்.

ஆனால் மெதுவாகப் போக வேண்டிய எஞ்சின் ஏன் பாய்ந்தது? விடை டீகோடருக்குள் இருந்தது. டீகோடரின் ஒவ்வொரு அமைப்பும் சிவி என்ற எண்ணிட்ட இடத்தில் இருக்கும். 2207-ன் சிவி 29-ஐப் படித்தோம்: 38. அதைப் பிரித்தால் 32, 4, 2. இதில் 32 என்பது நீண்ட முகவரி, அதாவது எஞ்சினுக்குப் பெரிய எண் தருவது, 2 என்பது 28 அல்லது 128 படி வேகம். நடுவில் இருக்கும் 4 என்பது, டிசிசி பாக்கெட் கிடைக்காவிட்டால் பழைய டிசி லேஅவுட்டில் நிற்கிறோம் என்று எடுத்துக்கொண்டு கிடைக்கும் வோல்டேஜுக்கு ஏற்ப ஓடு என்ற அனுமதி. டீகோடர்கள் பெரும்பாலும் இந்த அனுமதியோடுதான் வருகின்றன. ஷார்ட் நீங்கி மின்சாரம் தடுமாறித் திரும்பிய கணத்தில், அந்த மூலையில் மின்சாரம் வந்தது, முழுதான பாக்கெட் வரவில்லை. டீகோடர் இதை டிசி என்று எடுத்துக்கொண்டது. டிசியில் முழு வோல்டேஜ் என்றால் முழு வேகம். என் நிறுத்தக் கட்டளையும் அதே சிதைந்த வழியாகத்தான் வந்தது, அதனால் தள்ளப்பட்டது.

யூகமாக விட்டுவிடக் கூடாது என்று அதையே திரும்பச் செய்து பார்த்தோம். 2207-ஐ அதே மூலையில் நிறுத்தி, நாணயத்தை வைத்து எடுத்து, பத்து தடவை. மூன்று தடவை பாய்ந்தது. சிவி 29-ல் 34 எழுதினோம், அதாவது அந்த 4-ஐ மட்டும் நீக்கி. மறுபடி பத்து தடவை. ஒரு தடவைகூட அசையவில்லை. அன்றே டீகோடர் இருந்த எல்லா எஞ்சினிலும் அந்த அனுமதியை எடுத்துவிட்டோம். இனி டிசி லேஅவுட்டுக்குப் போகாத எந்த எஞ்சினிலும் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செம்பு

பாய்ச்சல் நின்றாலும் 3 ஓம் அப்படியே இருந்தது. மேசைக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலை தொடங்கியது. இரண்டு வார இறுதிகள் போயின.

2.5 சதுர மி.மீ. செம்பு வயர், சிவப்பும் கறுப்பும், நிலையத்திலிருந்து இரண்டு திசையில். இரண்டு முனையையும் சேர்த்து வட்டமாக்கவில்லை. பஸ் வயர், அதாவது மேசைக்கு அடியில் ஓடும் இந்த முதன்மை வயர், கிளையாக இருப்பதே நல்லது. இரண்டையும் ஒரு அடிக்கு மூன்று நான்கு முறுக்கு என்று முறுக்கினோம். சிவப்பு எப்போதும் மேசை விளிம்பை ஒட்டிய கம்பிக்கு, கறுப்பு சுவர்ப் பக்கக் கம்பிக்கு. இந்த ஒழுங்கு ஒரே இடத்தில் மாறினாலும், எஞ்சின் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும்போது அதன் சக்கரமே ஷார்ட் போட்டுவிடும். பஸ்ஸின் இரு முனையிலும் 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராகச் சேர்த்துக் குறுக்கே கொடுத்தோம், வயர் நீளத்தில் எழும் அலைத் துள்ளல் அடங்குவதற்கு. ரெசிஸ்டர் 2 வாட்டாக இருக்கட்டும், நன்றாகவே சுடும்.

பஸ்ஸிலிருந்து தண்டவாளத்துக்கு 0.5 சதுர மி.மீ. ஃபீடர், மீட்டருக்கு ஒரு ஜோடி, எதுவும் 30 செ.மீ. தாண்டாமல். மொத்தம் 48 ஜோடி, அதாவது ஈயத்தால் ஒட்டிய 96 பற்று. ஒரு பற்று எப்படி வைப்பது என்று சித்தப்பாதான் காட்டிக் கொடுத்தார். கம்பியின் வெளிப்பக்கத்தை, சக்கரத்தின் விளிம்பு தொடாத பக்கத்தை, சிறிய அரத்தால் பளபளக்கும்வரை உரச வேண்டும். அங்கே கொஞ்சம் ஈயத்தைப் பூச வேண்டும். வயர் முனையைத் தனியாக ஈயம் பூசி, எல் மாதிரி வளைக்க வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்லீப்பர்மேல் ஈரப் பஞ்சு. பிறகு நன்கு சூடேறிய அகலமான முனையை வைத்து இரண்டு எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். "சூடு குறைவா வச்சு ரொம்ப நேரம் பிடிச்சாத்தான் ஸ்லீப்பர் உருகும். நல்ல சூடு, சின்ன நேரம்" என்பார். 96-ல் நான்கு ஸ்லீப்பர்தான் வளைந்தன.

முடித்துவிட்டு அதே பல்பை அதே மூலையில் வைத்தோம். 14.1 வோல்ட். நாணயம் 12 இடத்திலும் உடனே வெட்டியது.

நான்கு தடத்தையும் பிரிக்க நான்கு மின்னணு பிரேக்கர் வைத்தோம், ஒவ்வொன்றும் 2.5 ஆம்பியரில் வெட்டும்படி. நிலையத்தின் 5 ஆம்பியர் வெட்டுக்கு முன்னால் பிரேக்கர் விழ வேண்டும். இல்லாவிட்டால் பிரித்ததற்குப் பயனே இல்லை. இங்கே ஒரு சிக்கல் வந்தது. ஒலி டீகோடர் உள்ள எஞ்சின்களில் கெபாசிட்டர் இருக்கும். மின்சாரம் வந்த முதல் கணத்தில் அவை எல்லாம் ஒன்றாக நிரம்பப் பார்க்கும். யார்டில் நான்கு ஒலி எஞ்சின் நின்றபோது பிரேக்கர் அதையே ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்தது. யார்டின் இரண்டு சைடிங்குக்குச் சாதாரண ஸ்விட்ச் வைத்து, ஓட்டாத எஞ்சின்களை அணைத்து வைக்கிறோம். எளிய தீர்வு, போதுமானது.

இன்னொன்றையும் அந்த முதல் நாள் ஷார்ட் சொல்லிக்கொடுத்தது. வண்டி எதிர்ப் பாயிண்ட்டில் ஏறி ஷார்ட் ஆனால், பாயிண்ட்டைத் திருப்பினாலே பெரும்பாலும் ஷார்ட் நீங்கிவிடும். ஆனால் பாயிண்ட்டின் டீகோடரும் அதே தடத்திலிருந்து மின்சாரம் எடுத்தால், ஷார்ட் ஆனதும் அதுவும் செத்துவிடும், திருப்ப முடியாது. அதனால் பாயிண்ட் டீகோடர்களுக்குப் பிரேக்கருக்கு முன்னாலிருந்தே தனி ஜோடி வயர் இழுத்தோம். இப்போது மாட்டிக்கொண்ட வண்டியைத் தொடாமலே, போனிலிருந்து பாயிண்ட்டை மாற்றி எடுத்துவிடுகிறோம்.

வளையம்

இரண்டு கம்பித் தண்டவாளத்தில் வண்டி ஒரு வளையத்தைச் சுற்றி வந்த வழியிலேயே திரும்பினால், வலக்கம்பி இடக்கம்பியோடு போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வளையத்தின் இரு முனையையும் வெட்டித் தனியாக்கி, நடுவில் தானாகத் திசை மாற்றும் ஆட்டோ ரிவர்ஸர் வைப்பது வழக்கம். எஞ்சின் எல்லையைத் தாண்டும்போது ஷார்ட்டை உணர்ந்து, வளையத்துக்கு மட்டும் திசையைப் புரட்டிவிடும். டிசிசியில் எஞ்சினின் திசை பாக்கெட்டில் இருப்பதால் வண்டிக்கு இது தெரியவே தெரியாது.

எங்களுக்கு எஞ்சின் தாண்டியது, ஆனால் நீள வண்டி நடுவில் நின்றது. வெட்டிய பகுதி 1.6 மீட்டர். சித்தப்பாவின் பயணிகள் வண்டி 2.1 மீட்டர், பெட்டிக்குப் பெட்டி விளக்கு, எல்லாம் உலோகச் சக்கரம். எஞ்சின் ஒரு எல்லையைத் தாண்டும்போது கடைசிப் பெட்டி இன்னொரு எல்லையில் இருந்தது. இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் முரண் வந்தால் ரிவர்ஸர் எந்தப் பக்கம் புரட்டினாலும் தப்பு. வெட்டை நகர்த்தி 2.4 மீட்டர் ஆக்கியதும் சரியானது. ரிவர்ஸர் பிரேக்கருக்கு முன்னால் வினையாற்ற வேண்டும் என்பதால் அதை 1.5 ஆம்பியருக்கு வைத்தோம்.

காற்றில் போகும் பகுதி

வைஃபைமேல் அன்று நாங்கள் போட்ட பழி தவறு என்றாலும், அதிலும் சரிசெய்ய வேண்டியவை இருந்தன.

நிலையத்தை வீட்டு ரவுட்டரில் சேர்க்கவில்லை. இணையத் தொடர்பே இல்லாத ஒரு தனிச் சின்ன ரவுட்டர், மலைக்கு மேலே சுவரில். வைஃபை பலகை 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. சுற்றிலும் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து 11-ல் நிரந்தரமாக வைத்தோம்.

அப்புறம் போன்கள் விலக ஆரம்பித்தன. ஐந்து நிமிடம் நன்றாக ஓடும், திடீரென்று தொடர்பு போகும். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று போன் தானாகவே முடிவுசெய்து மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. விமானப் பயன்முறையைப் போட்டு, அதற்குப் பிறகு வைஃபையை மட்டும் திறந்தால் தாவ வழி இருக்காது. இப்போது லேஅவுட் அறைக்குள் நுழைந்ததும் மூவரும் செய்யும் முதல் காரியம் அது.

போன் அணைந்துபோனால் வண்டி என்ன செய்யும்? டிசிசியின் இயல்புப்படி கடைசியாகச் சொன்ன வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்குத்தான் இதயத்துடிப்பு என்ற ஏற்பாடு: போன் சில நொடிக்கு ஒருமுறை நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்தப் போனிடம் இருக்கும் எஞ்சினை நிலையம் நிறுத்திவிடும். ஒவ்வொரு போனிலும் அது இயங்குகிறதா என்று வண்டியை ஓடவிட்டுப் போனை அணைத்துச் சோதித்தோம். அதற்கும் மேலே, மேசையின் இரண்டு பக்கமும் கையெட்டும் இடத்தில் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று. அதில் மென்பொருள் எதுவும் கிடையாது. அழுத்தினால் தண்டவாளத்துக்குப் போகும் மின்சாரமே போய்விடும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் போன் போதாது, கைப்பிடி வேண்டும் என்று சித்தப்பா சொன்னது சரி. தொடுதிரையில் வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் திரையைப் பார்க்க வேண்டும், திரையைப் பார்த்தால் வண்டியைப் பார்க்க முடியாது. எஞ்சின் டிரைவர் என்ற செயலியில் போனின் ஒலி பட்டனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். எனக்கும் அக்கா மகளுக்கும் அது போதும். சித்தப்பாவுக்கு, திருகு குமிழ் உள்ள சின்ன வயர்லெஸ் கைப்பிடி ஒன்றை ஈஎஸ்பி32 பலகையில் செய்து கொடுத்தோம். குமிழ், திசை ஸ்விட்ச், நிறுத்தும் பட்டன். விரல் அறியும், கண் தேவையில்லை.

எஞ்சின்கள்

புதிய எஞ்சின்களில் டீகோடருக்கான சாக்கெட் இருந்ததால் அவற்றில் சொல்ல அதிகமில்லை. எல்லாமே 3 என்ற முகவரியோடு வரும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மாற்றாமல் இரண்டை வைத்தால் இரண்டும் சேர்ந்து நகரும். எஞ்சினின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணையே முகவரியாகக் கொடுத்தோம். 2207 என்றால் சிவி 17-ல் 200, சிவி 18-ல் 159. கணக்கை மென்பொருளே போட்டுக்கொள்ளும்.

பழையவை நான்கு. அவற்றில் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் இரண்டில் ஒன்று நேராக உலோகச் சட்டத்தைத் தொடும், சட்டம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தைத் தொடும். அப்படியே டீகோடரை இணைத்தால் தண்டவாள மின்சாரம் டீகோடரின் மோட்டார் பக்கமாக உள்ளே நுழையும். ஒரு டீகோடரை அப்படித்தான் இழந்தோம். மூடி போடுவதற்குள் புகை வந்துவிட்டது. அதன்பின் பிரஷ்ஷைச் சட்டத்திலிருந்து பிரித்து, இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்து, எந்தத் தொடர்பும் இல்லை என்று காட்டினால்தான் டீகோடரின் ஆரஞ்சு வயரையும் சாம்பல் வயரையும் மோட்டாரில் பற்றவைப்பது என்று வைத்துக்கொண்டோம். சிவப்பு வலப்பக்கச் சக்கரம், கறுப்பு இடப்பக்கம், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொது. என்எம்ஆர்ஏ தரத்தைப் பின்பற்றும் தயாரிப்புகளில் இந்த நிறங்கள் மாறாது என்பது பெரிய நிம்மதி.

மலைப்பாதையில் இரண்டு எஞ்சின் சேர்ந்து இழுக்க, இரண்டின் வேகத்தையும் சிவி 2, 5, 6 வழியாக ஒத்துவரச் செய்தோம். ஒரு மீட்டரைக் கடக்க எத்தனை நொடி என்று இரண்டையும் தனித்தனியே ஓட்டி அளந்து, வேகமானதைக் குறைத்தோம். மெதுவானதைக் கூட்டப் பார்க்க வேண்டாம், அது ஏற்கெனவே தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறது.

இப்போதைய நிலை

மூன்று வண்டி, சில நாள் நான்கு, தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஓடுகின்றன. ஷார்ட் ஆகாமல் இல்லை. ஆனால் ஆன தடம் மட்டும் நிற்கிறது, மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. மாதம் ஒருமுறை பல்பை எடுத்துக்கொண்டு 12 இடத்திலும் வோல்டேஜ் அளந்து ஒரு நோட்டில் எழுதுகிறோம். சென்ற முறை கிளைப்பாதையின் உச்சியில் 13.4 என்று வந்தது. தேடிப் பார்த்ததில் ஒரு ஃபீடர் பற்று விட்டிருந்தது.

ஒரு வேலை பாக்கி. சித்தப்பா முதன்முதலாக வாங்கிய சின்ன நீராவி எஞ்சின். அதன் சட்டமே இரண்டு பாதியாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் ஒரு கம்பியின் மின்சாரத்தைச் சுமக்கிறது. பிரஷ் இரண்டையும் பிரித்தெடுக்க மோட்டாரையே கழற்ற வேண்டும். "அவசரப்படாதேடா, அது காத்திருக்கும்" என்று அதை யார்டின் அணைத்து வைத்த சைடிங்கில் நிறுத்தியிருக்கிறார். பயணிகள் வண்டியோடு நடக்கும்போது அந்த இடம் வந்ததும் குமிழைச் சற்றுத் திருகி வேகத்தைக் குறைத்து, அதைக் கடந்த பிறகுதான் கூட்டுகிறார்.